கடைசி நிகழ்ச்சியின் நேரம் யாருடையது?

சனிக்கிழமை இரவு மட்டக்களப்பில் எங்கள் மைதானத்து விழாவில் நடந்ததை நேரில் கண்டவர்களும் காணொளியில் பார்த்தவர்களும் இங்கே பலர் இருப்பதால், முழுவதையும் மீண்டும் விவரிக்கப் போவதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் றொக் இசைக்குழு மூன்றாவது பாடலின் நடுவில் இருந்தபோது மின்சாரம் நிறுத்தப்பட்டது. பாஸ் கிற்றார் வாசித்த தம்பி கருவியைத் தோளிலிருந்து இறக்கும் முன்னரே, மறுமுனையிலிருந்து ஒருவர் வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டார். இழுத்த இழுவைக்கு அந்தத் தம்பி இரண்டு அடி முன்னால் வந்து, பிறகு தானே ஜாக்கைக் கழற்றிக் கொடுத்தார். வயரைச் சுற்றியவர் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. பத்து மணிக்கு முடிக்கச் சொன்னார்கள், அவர் முடித்தார்.

என் கோபமெல்லாம் அதற்கு முன்னர் நடந்தவற்றின் மீதுதான். வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர்கள் ஒவ்வொருவரின் உரை, பொன்னாடை, நினைவுச்சின்னம், அதற்கான புகைப்படம், வரிசையில் விடுபட்டவரை மீண்டும் அழைத்து இன்னொரு புகைப்படம் என்று மாலை முழுவதும் கரைந்தது. சுவரொட்டியில் மிகப் பெரிதாக இருந்தது யாருடைய படம்? அந்தப் பிள்ளைகளுடையது. அவர்களைக் காட்டித்தான் சனத்தைக் கூட்டினீர்கள். ஒரு குழுவின் பெயரால் சனத்தைக் கூட்டினால், அந்த இரவின் கடைசி நேரம் அந்தக் குழுவுக்கே உரியது.

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் ரேடியோஹெட் என்ற றொக் குழு 1997 ஜூன் 28 இரவு பிரமிட் எனப்படும் பிரதான மேடையின் இறுதி நிகழ்ச்சியை வழங்கியது. மழையால் விழா நடந்த பண்ணை முழுவதும் சேறு. பாடிக்கொண்டிருக்கும்போதே, பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மொனிற்றர் ஸ்பீக்கர்கள் பழுதாகிவிட, பாடகர் தொம் யோர்க்குக்குத் தன் குரலே கேட்கவில்லை; முகத்தில் அடித்த வெளிச்சத்தில் எதிரே நின்ற சனமும் தெரியவில்லை. இறங்கிப் போய்விட நினைத்ததையும், கிற்றார் கலைஞர் எட் ஓ’பிரையன் தன்னைத் தடுத்ததையும் அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். விளக்குகளைச் சனத்தின் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து பாடினார். அந்த விழாவின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. அதே குழு 2003 இலும் 2017 இலும் அதே மேடையின் இறுதி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டது. அன்று கருவி பழுதானது, வானம் பகைத்தது. ஆனால் அவர்களுடைய நேரத்தில் எவரும் கைவைக்கவில்லை, அதனால்தான் தடுமாறிய குழு எழுந்து நிற்க முடிந்தது.

“கிளாஸ்டன்பரி எங்கே, மட்டக்களப்பு எங்கே” என்று இப்போதே சிலர் எழுதத் தொடங்கியிருப்பீர்கள். பணத்தையோ மேடையின் உயரத்தையோ நான் ஒப்பிடவில்லை. அந்த விழா 1970 இல் மைக்கல் ஈவிஸ் என்ற பால்பண்ணைக்காரரின் நிலத்தில், ஒரு பவுண் நுழைவுச்சீட்டும் இலவசப் பாலுமாகத் தொடங்கியது. 1995 இல் ஸ்டோன் ரோசஸ் குழுவின் கிற்றார் கலைஞர் காயமடைந்து அவர்கள் வரமுடியாமற் போனபோது, குறுகிய அறிவித்தலில் பல்ப் குழுவிடம் சனிக்கிழமை இரவின் இறுதி நிகழ்ச்சியை ஒப்படைத்தார்கள். ஒரேயொரு அல்பம் மட்டும் வெளியாகியிருந்த கோல்ட்பிளே குழுவுக்கு 2002 இல் வெள்ளி இரவைக் கொடுத்தார்கள். அந்தக் குழு 2024 வரை ஐந்து தடவைகள் இறுதி நிகழ்ச்சியை வழங்கிவிட்டது. வேறு எவருக்கும் அத்தனை தடவைகள் அமையவில்லை. பெரிய குழு என்பதால் நேரம் கிடைத்தது என்கிறீர்கள். நேரம் கிடைத்ததால் பெரிய குழுவானார்கள் என்கிறேன் நான்.

“பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி போட முடியாது, சட்டம்” என்கிறார்கள். சட்டத்தை நான் மறுக்கவில்லை. 2012 இல் இலண்டன் ஹைட் பூங்காவில் உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் போல் மக்கார்ட்னியும் சேர்ந்து நின்ற மேடையிலேயே நேரம் கடந்ததென்று ஒலியை நிறுத்தினார்கள். ஆனால் ஸ்பிரிங்ஸ்டீன் அதற்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் பாடி முடித்திருந்தார். எங்கள் பிள்ளைகள் இரண்டு பாடல்களை முடித்திருந்தார்கள். பத்து மணி என்பது திடீரென்று வந்து இறங்கிய செய்தி அல்ல. ஆறாவது பேச்சாளர் எழுந்தபோதும் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்கிறார்கள்: “இது எங்கள் இசை இல்லையே, இதற்கு ஏன் இத்தனை கவலை?” இதுதான் என்னை உண்மையில் நோகடித்தது. என் அப்பப்பா வடமோடிக் கூத்தாடியவர். அவர் தன் பாத்திரத்தின் வரவுப் பாட்டைப் பாடிக் கூத்துக் களரிக்குள் இறங்கும்போது சாமம் கடந்திருக்கும். எங்களை அம்மம்மாவின் மடியில் தூங்க வைத்துவிட்டு, அவர் வரும் நேரத்துக்குத் தட்டி எழுப்புவார்கள். பாயும் தேநீரும் கொண்டுவந்து விடியும்வரை இருந்து பார்த்த சனம் அது. கடைசியில் வருபவருக்காகக் காத்திருப்பதை எங்களுக்கு எந்த வெள்ளைக்காரனும் கற்றுத்தரவில்லை. மத்தளம் அடித்துக் கூத்தை நடத்தும் அண்ணாவியாரிடம் போய் “ஐயா, நேரமாகிவிட்டது” என்று சொல்லும் துணிவு அந்தக் காலத்தில் எவருக்கும் இருந்திருக்காது. வயலினும் கிற்றாரும் கொண்டு ஐரோப்பிய வம்சாவளியினரான எங்கள் பறங்கியர் கஃபிறிஞ்ஞா நடனம் ஆடிய ஊர் இது. யாழ்க் கருவியைத் தேடி ஆராய்ந்த விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவும் எங்கள் கிழக்கில்தான் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளை எடுத்த கருவியை அந்நியம் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

நான் வளர்ந்த யுத்த காலத்தில் இருட்டிய பின் வீதியில் இறங்கவே முடியாது. எங்கள் வயதுக்காரர்களில் பாட்டுத் தெரிந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் பாடினார்கள். பலர் அதையும் விட்டுவிட்டார்கள். இரவில் திறந்த வெளியில், ஆயிரம் பேர் முன்னால், பயமில்லாமல் பாட எங்கள் பிள்ளைகளுக்கு இப்போதுதான் காலம் வாய்த்திருக்கிறது. அதைச் சால்வைகளும் புகைப்படங்களும் தின்றுவிட்டதை “சின்ன விசயம்” என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. இப்படியே போனால் நல்லாக வாசிப்பவன் கொழும்புக்குப் பஸ் ஏறுவான், அல்லது கருவியை விற்றுவிட்டு வெளிநாடு போவான். பிறகு “எங்கள் ஊரில் கலைஞர்கள் இல்லை” என்று அதே ஒலிவாங்கியில் பேசுவீர்கள்.

ஏற்பாட்டாளர்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய், பெற்றோர் முன்னிலையில், நடந்தது பிழை என்று சொல்லுங்கள். அடுத்த முறை அழைப்பிதழில் இசைக்குழு மேடையேறும் நேரத்தையும் அச்சிடுங்கள். அந்த நேரம் வந்ததும் ஒலிவாங்கியை வாங்கிப் பாடகரிடம் கொடுங்கள், பேசிக்கொண்டிருப்பவர் பிரதம விருந்தினராகவே இருந்தாலும்.