'ஓர் ஆய்வு' என்று முடியும் தலைப்புகள்

'இந்தியா – சீனா உறவுகள்: ஓர் ஆய்வு.' 'இந்தியா – அமெரிக்க உறவுகள்: ஓர் ஆய்வு.' சேலத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் என் மேசையில் கொண்டுவந்து வைக்கும் ப்ராஜெக்ட் தலைப்புகளில் பாதி இப்படித்தான் இருக்கும். சீனியரின் ஸ்பைரல் பைண்டிங்கைப் பார்த்து நாட்டின் பேரை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. பல வருஷம் நானே ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு நாடு அளந்து கொடுத்தவன்தான். பாகிஸ்தான் முதல் அஞ்சு நிமிஷத்திலேயே தீர்ந்துவிடும். கடைசியாக வருகிறவனுக்குப் பூட்டான். கைடு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

2018 கடைசியில் ஏற்காட்டுப் பெண் ஒருத்தி 'இந்தியா – இலங்கை' என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"இலங்கையில என்னம்மா?"

"தெரியலைங்க சார். கச்சத்தீவை எல்லாரும் எழுதிட்டாங்க."

"வீட்டுல என்ன பண்றாங்க?"

"கொஞ்சம் காப்பி, மிளகு. அதுலயும் விலை இல்லைங்க சார். ஸ்ரீலங்கா மிளகு வந்து இறங்கிடுச்சுன்னு யாவாரி சொல்லிட்டாராம்."

சொல்லி முடித்ததும் அவளே கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மிளகு விளைச்சலில் உலகில் முதலிடம் வியட்நாமுக்கு. இந்தியாவும் இலங்கையும் 1998-ல் கையெழுத்திட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000-ல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகுக்குத் தீர்வைச் சலுகை உண்டு. வியட்நாம் மிளகுக்கு அந்த அளவு கிடையாது. அதனால் வியட்நாம் மிளகே கொழும்பு போய், இலங்கையில் விளைந்தது என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது என்பது நம் விவசாயிகளின் புகார். கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து இறக்குமதி ஆகக்கூடாது என்று 2017 டிசம்பரில் டெல்லி உத்தரவு போட்டது.

ஒருநாள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அப்பா ஒரு கை அள்ளி, ஊதி, சண்டு போக்கிக் காட்டினார். 500 ரூபாய் உத்தரவைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பில்லுல ஐநூறுன்னு போட்டுட்டா யாருங்க பாக்கப் போறா?" என்றார். அவளுடைய மூன்றாவது அத்தியாயம் அந்தக் கேள்விதான்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. சொந்த வீட்டுக் கதை என்றால் ஆய்வு சீக்கிரம் ஒப்பாரியாகிவிடும். அவளுடைய முதல் வரைவில் இலங்கைக்காரன் திருடன், வியட்நாம்காரன் அவனுக்குக் கூட்டாளி. திருப்பிக் கொடுத்துவிட்டேன். இலங்கையிலேயே விளையும் மிளகுக்கு இந்தியாதான் பெரிய சந்தை. கண்டிக்காரனுக்கும் மிளகுக்கொடியும் கடனும் இருக்குமே, அவன் பக்கம் எங்கே என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் மாற்றி எழுதினாள். கைடு வேலை என்றால் எனக்கு இதுதான்: தலைப்புக் கொடுப்பதில்லை, பிள்ளை வாசல்படியிலிருந்து கிளம்பும் வரைக்கும் கேட்பது, கிளம்பிய பிறகு வாசல்படியிலேயே நிற்கவிடாமல் துரத்துவது. யதார்த்தவாதம், தாராளவாதம் என்று பாடத்தில் வரும் வெளியுறவுக் கோட்பாடுகள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் ஒரு கேள்வி இருந்தால்தான் அவை உள்ளே இறங்கும். இல்லையென்றால் பரீட்சை முடிந்த மறுநாள் காணாமல் போய்விடும்.

வெளியுறவு என்றால் டெல்லி சமாச்சாரம் என்று நினைப்பவர்களிடம் ராஜாஜியைச் சொல்வேன். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானவர், 1962-ல் எண்பத்து மூன்று வயதில் வாஷிங்டன் போய், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்டார். அவர் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதது நிறைய. அது வேறு கதை.

"இதெல்லாம் குரூப் ஒன்ல வருமா சார்?" என்று ஒரு பையன் கண்டிப்பாகக் கேட்பான். வராது என்று சொல்லிவிடுவேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நேற்று ஒருவன் 'இந்தியா – அமெரிக்க உறவுகள்: ஓர் ஆய்வு' என்று நீட்டினான். வீட்டில் என்ன வேலை என்றேன்.

"கொலுசுப் பட்டறைங்க சார்."

"வெள்ளி எங்கிருந்து வருது?"

"கடைக்காரரு குடுப்பாருங்க."

"அவருக்கு?"

தலையைச் சொறிந்தான். "அப்பாகிட்ட கேட்டுட்டு நாளைக்கு வரேங்க சார்" என்று போயிருக்கிறான்.