"எப்படி நம்பினீங்க?"

போன வருடம் என் பெரியப்பா தொலைபேசி மோசடியில் சிக்கிச் சேமிப்பில் பெரும்பகுதியை இழந்தார். விஷயம் தெரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "படிச்சவரு நீங்க, எப்படிப் பெரியப்பா நம்பினீங்க?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து இன்னொருவன் கூப்பிட்டிருக்கிறான். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்கு முன்கூட்டியே கட்டணம் கட்டுங்கள் என்று. அதையும் கட்டியிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருப்போம். சொல்லவிடாமல் செய்தது என் கேள்வி. இதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

அந்த உறுத்தலில்தான் பாதிக்கப்பட்டோரியல் என்ற துறையைப் பற்றித் தேடிப் படித்தேன். குற்றத்துக்கு ஆளானவர்களை ஆராயும் படிப்பு அது. ஆனால் அது தொடங்கிய இடமே என் கேள்விக்கு வெகு பக்கத்தில் இருந்தது. 1940களில் ஹான்ஸ் ஃபொன் ஹென்டிக், பெஞ்சமின் மெண்டல்சன் போன்ற முன்னோடிகள், நடந்த குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பங்கு என்ன என்று கேட்டார்கள். யார்மேல் எவ்வளவு தவறு என்று மெண்டல்சன் வகை பிரித்துப் பட்டியலே போட்டார். 1971இல் மெனாகெம் அமிர் என்ற குற்றவியலாளர் பாலியல் வன்கொடுமையையும் அதே கண்ணோட்டத்தில் எழுத, பெண்ணியவாதிகள் கொதித்தெழுந்தார்கள். கொதிக்க வேண்டிய விஷயம்தான்.

நாம் ஏன் பாதிக்கப்பட்டவர்மேல் பாய்கிறோம் என்பதற்கு உளவியலாளர்கள் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடை இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதுபோல் நடிக்கவைத்து, அதைச் சிலரைப் பார்க்கச் செய்தார்கள். அவள் வேதனை தொடரப்போகிறது, தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தவர்கள் அவளையே மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். நல்லவர்களுக்குக் கெட்டது நடக்காது என்று நம்பினால்தான் நமக்குத் தூக்கம் வரும். பெரியப்பாவிடம் நான் அப்படிக் கேட்டதும் எனக்கு அது நடக்காது என்று எனக்கே சொல்லிக்கொள்ளத்தான்.

சரி, பழி போடாமல் கேட்டால் என்ன கிடைக்கும்? இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கிர்கோல்ட் என்ற குடியிருப்பில் 1980களின் நடுவில் வீடு புகுந்து திருடுவது மிக அதிகம். பொருளைப் பறிகொடுத்தவர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும், திருடர்களிடமும்கூட ஓர் ஆய்வுக் குழுவினர் உட்கார்ந்து பேசினார்கள். ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மறுபடியும் திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிடச் சுமார் நான்கு மடங்கு என்று தெரியவந்தது. யோசித்தால் புரிகிறது: திருடனுக்கு அந்த வீட்டின் வழி பழகிவிட்டது, போன பொருளுக்குப் பதில் புதுசு வந்திருக்கும் என்றும் தெரியும். இன்னொன்று, பல வீடுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் காசு போட்டால் ஓடும் மீட்டர்கள் இருந்தன. திருடர்கள் குறி வைத்தது அந்தக் காசுப் பெட்டிகளை.

யாரும் "வீட்டில் ஏன் காசு வைத்தாய்" என்று கேட்கவில்லை. மீட்டர்களை மாற்றினார்கள். திருட்டுப் போன வீட்டின் பூட்டைப் பலப்படுத்தினார்கள். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களை அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார்கள். மூன்றாண்டில் அங்கே இந்தத் திருட்டு ஏறக்குறைய 75 சதவீதம் குறைந்தது.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள கார்டிஃப் நகரிலும் இப்படித்தான். ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை மருத்துவர், அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோர் காவல்துறைக்கே போவதில்லை என்பதைக் கவனித்தார். எந்த இடத்தில், எப்போது, எதை வைத்து அடித்தார்கள் என்று மருத்துவமனையிலேயே கேட்டு, பெயர் இல்லாமல் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். ரோந்து அந்த இடங்களுக்கு மாறியது. ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டபோது, வன்முறைக் காயத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் 42 சதவீதம் குறைவு என்று 2011இல் வந்த ஆய்வு சொல்கிறது.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்தார் என்று கேட்பதே பழி சுமத்துவது ஆகாதா என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, மேலே சொன்ன வரலாறே அதற்குச் சாட்சி. ஆனால் கேட்காமலே விட்டால் கிர்கோல்டில் அந்த மீட்டர்கள் அப்படியே இருந்திருக்கும். யாரைத் திருத்துவதற்காகக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போன மாதம் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். கூப்பிட்டவன் மிரட்டவே இல்லையாம், மரியாதையாகத்தான் பேசினானாம். நாலு மணி நேரம் அழைப்பைத் துண்டிக்க விடவில்லை. நடுவில் பெரியம்மா தேநீர் கொண்டுவந்தபோது, "பக்கத்துல யாரு? அவங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க" என்றானாம்.

அந்த ஒரு வரியை எங்கள் குடும்பக் குழுவில் போடச் சொன்னது பெரியப்பாதான். மறுவாரம் என் சித்திக்கு ஓர் அழைப்பு வந்தது. "வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று அவன் சொன்ன உடனே சித்தி போனை வைத்துவிட்டு நேராகப் பெரியப்பாவைக் கூப்பிட்டார்.