பேட்ஜைப் பிள்ளையே தைக்கட்டும்

போன வருஷம் என் மகன் ஆறாம் வகுப்பில் சாரணர் படையில் சேர்ந்தான். சாரணர் பயிற்சியின் முதல் படியான பிரவேஷ் முடித்து முதல் பேட்ஜ் கைக்கு வந்த அன்று, ராத்திரி அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினான். மறுநாள் கடைவீதியில் ஒரு கடையில் கொடுத்தேன். "பசைத்தாள் வச்சு அயர்ன் பண்ணினாப் போதும் சார்" என்று ஒரே நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். நாலு தடவை துவைத்ததும் ஓரம் கிளம்பியது. அடுத்த வாரம் முகாமுக்குப் போய் வந்தவனின் சட்டையில் பேட்ஜைக் காணோம். எங்கே விழுந்ததென்று அவனுக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

இரண்டாவதாக வாங்கியதை ஒரு டெய்லரிடம் கொடுத்தேன். மெஷினில் நேர்த்தியாகத்தான் அடித்திருந்தார், ஆனால் பைத்துணியோடு சட்டையையும் சேர்த்து அடித்துவிட்டார். பைக்குள் பேனா இறங்கவில்லை. பிரித்து எடுத்தோம். அப்புறம்தான் ஊசியை மகன் கையிலேயே கொடுத்தேன். இன்றைக்கு அடித்துச் சொல்கிறேன்: சட்டையில் ஏறுகிற பேட்ஜை அந்தப் பிள்ளையே கையால் தைக்க வேண்டும். ஆண்பிள்ளையும்தான்.

பசை ஏன் நிற்பதில்லை என்றால், அது சூட்டில் உருகித் துணியின் இழைக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். பள்ளிச் சட்டைகளில் பாலியஸ்டர் கலந்திருக்கும். முழுச் சூடு வைத்தால் துணி பொசுங்கும், சூட்டைக் குறைத்தால் பசை இறங்காது. நம் ஊர் வெயிலும் வியர்வையும் போதாதென்று, துவைகல்லில் நாம் அடிக்கிற அடி வேறு. போதாக்குறைக்கு, பேட்ஜ் போன பிறகும் பசைக்கறை சட்டையிலேயே தங்கிவிடும். கையால் தைத்ததை பிளேடு நுனியால் பிரித்து அடுத்த வருஷச் சட்டைக்கு மாற்றலாம். தம்பிக்குப் போகிற சட்டையும் கெடாது.

எங்கள் வீட்டில் செய்கிற முறை இது. புதுப் பருத்திச் சட்டை என்றால் முதலில் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் துணி பின்னால் சுருங்கி, பேட்ஜைச் சுற்றிக் கொசுவம் விழும். இடம் குறிக்கும்போது சட்டை பையன் உடம்பில் இருக்கட்டும். மேஜையில் நேராகத் தெரிவது மார்பில் கோணலாக நிற்கும். சாக்பீஸால் குறித்து, பெரிய பெரிய ஓட்டுத்தையலாக நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். பைக்குள் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைச் செருகிவிட்டால் ஊசி சட்டைவரை போகாது. நூல் ஒரு முழம் போதும், நீண்டால் சிக்கும். பேட்ஜின் ஓரத்து நிறத்திலேயே நூல் இருக்கட்டும். ஊசியைத் துணியிலிருந்து பேட்ஜின் ஓரத்தை ஒட்டி மேலே எடுத்து, அந்தத் தடித்த ஓரத்துக்குள்ளேயே இறக்க வேண்டும். இழுத்து இறுக்கக் கூடாது. முதல் தடவை என் மகனுக்கு ஒரு மணி நேரம் ஆனது, விரலில் இரண்டு இடத்தில் குத்திக்கொண்டான். குத்தட்டும்.

"ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஊசி நூலு?" என்று உறவில் சிலர் கேட்டார்கள். இதை டெல்டாவில் இருந்துகொண்டா கேட்பது? அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். 40 கிலோ பிடித்த மூட்டைகளின் வாயை, கோணி ஊசியும் சணலுமாக நாளெல்லாம் தைப்பது யார்? ஆண்கள்தான். நம் திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயர்ந்து நிற்கிறதே, மரத்தேருக்கு மேலே மூங்கிலும் துணியும்தானே? அந்தத் தேர்ச்சீலைகளையும், உருளையாகத் தொங்கும் துணித் தொம்பைகளையும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். வண்ணத் துணியைப் பூவாக, யாளியாக வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்திருப்பார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. பேட்ஜ் தைப்பதும் அதே வேலைதான், அளவுதான் சின்னது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருகிற 4 செட் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் தைத்துத் தருகிறார்கள். ஒரு சட்டைக்குப் பின்னால் எவ்வளவு கை உழைப்பு இருக்கிறதென்று, நாலு அங்குலத் தையலாவது போட்டுப் பார்த்த பிள்ளைக்குத்தான் உறைக்கும். அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறந்து, மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் ஒரே ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். ஊசியும் நூலும் வீட்டிலிருந்து வரட்டும். பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து தைக்கட்டும். கோணலாக வந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

போன மாசம் மகன் அடுத்த பேட்ஜைத் திண்ணையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான். களத்திலிருந்து வந்த பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் மூட்டை தைத்த கை. "முடிச்ச மேல விடாதடா, உள்பக்கம் போட்டுட்டு நுனியச் செருகிடு" என்று வாங்கி ஒரு தையல் போட்டுக் காட்டினார். பிறகு நூலை ஒரு மெழுகுவத்தியில் இரண்டு இழுப்பு இழுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தார். இனிமேல் சிக்காதாம். சிக்கவும் இல்லை.