மதுரா கால் என்றாலே பூஞ்சை என்று முடிவு கட்டாதீர்கள்

“பாதத்தில் கட்டி, அதிலிருந்து குருணை வந்தால் மதுரா கால், பூஞ்சை மாத்திரை போதும்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. 1840களில் நம்ம மதுரைப் பக்கம் பதிவானதால் வந்த பெயர் அது. ஆனால் பாக்டீரியாவாலும் அச்சு அசலாக இதே கட்டி வரும். கறுப்புக் குருணை என்றால் பூஞ்சை எனலாம்; வெள்ளையோ மஞ்சளோ என்றால் வெறுங்கண்ணால் சொல்லவே முடியாது. சதைத் துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் அதிலுள்ள கிருமி இழையின் தடிமனைப் பார்க்க வேண்டும். பாக்டீரியா இழை சுமார் 1 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாக்டீரியாவைப் பார்க்கப் பூசும் கிராம் சாயத்தில் நீலமாகத் தெரியும். பூஞ்சை இழை 2 முதல் 6 மைக்ரான் வரை இருக்கும். முன்னதற்கு ஆன்டிபயாடிக்; பின்னதற்கு மாதக்கணக்கில் இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை, பலருக்கு ஆபரேஷனும்கூட. ரிப்போர்ட்டில் எந்த வகை என்று இல்லாவிட்டால், மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.