உறுமியதற்காக அடிக்காதீர்கள்

சாதுவான நாய் வீட்டுக் காவலுக்கு உதவாது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் லாப்ரடாருக்கு ஏழு வயது. குழந்தைகள் மேலே சாய்ந்து தூங்கினாலும் அசையாது. ஒரு நாள் குழாய் ரிப்பேருக்கு வந்தவர், கதவு திறந்திருக்கிறதே என்று நேராக உள்ளே வந்துவிட்டார். அது குரைக்கவே இல்லை. எழுந்து போய் அவருக்கும் என் மகளுக்கும் நடுவில் நின்றது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது, அடித்தொண்டையில் ஓர் உறுமல். நான் வந்து அவரிடம் சாதாரணமாகப் பேசிய பிறகுதான் உடம்பு தளர்ந்தது. அப்புறமும் அவர் கிளம்பும்வரை அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

 

தயவுசெய்து உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். 'எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளி நில்' என்பதை அது அப்படித்தான் சொல்லும். அடித்து அடக்கினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். பிறகு ஒரு நாள் உறுமாமலே கடித்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் நான் முன்பே சொல்லிவிடுவேன்: குனிந்து தலையில் கை வைக்க வேண்டாம், கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம், அதுவே வந்து மோந்து பார்க்கட்டும்.