ஃபேர் அண்ட் லவ்லிக்குத் தடை எதுவும் இல்லை

"அரசு தடை போட்டதால்தான் ஃபேர் அண்ட் லவ்லி பேரை மாத்துனாங்க, இனி நம்ம டெல்டா பக்கம் அந்த ஜம்பம் பலிக்காது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு தடையே இல்லை. 2020 ஜூனில் இந்தச் சிவப்பழகு கிரீமைத் தயாரிக்கும் இந்துஸ்தான் யூனிலீவர் தானாகவே 'ஃபேர்' என்ற சொல்லை எடுப்பதாக அறிவித்தது. ஜூலையில் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. அமெரிக்காவில் நிறவெறி எதிர்ப்புப் போராட்டங்கள் நடந்த நேரம் அது. அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு, சிவப்பழகு வாக்குறுதி தரும் விளம்பரங்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று ஒரு திருத்தத்தை முன்வைத்தது உண்மைதான். ஆனால் அது வெறும் வரைவு. நண்பர் இதைத்தான் தடை என்று நினைத்துவிட்டார் போல.

கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காது என்று காட்டக் கூடாது என்ற விதி 2014லேயே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது அரசு அல்ல, விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி.

சரி, ஜம்பம் பலிக்காதா? கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சின்ன பாக்கெட்டைப் பாருங்கள். உறையில் புதுப் பெயர். கேட்பவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இருக்கும் வரை கம்பெனிக்காரர்களுக்கு என்ன கவலை?