குடுவையை நீட்டிய இடம்
இந்தப் போர்க் கதையில், காயம்பட்டுக் கிடக்கும் எதிரிக்குச் சிப்பாய் தன் குடுவைத் தண்ணீரைக் கொடுப்பது நம்பும்படி இல்லை, போரில் அதெல்லாம் நடக்காது என்று கதையைப் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார், அதை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்திருக்கிறது. 1914 கிறிஸ்துமஸ் சமயத்தில், முதல் உலகப்போரின் மேற்கு முனையில் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து புகையிலையும் சட்டைப் பொத்தானும் மாற்றிக்கொண்டார்கள், நடுவில் கிடந்த பிணங்களைப் புதைத்தார்கள். எல்லா இடத்திலும் இல்லை, சில இடங்களில் அன்றும் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அதுவும் சரி. ஆனால் அடுத்த வருடம் இது திரும்ப நடக்கக் கூடாது என்று மேலதிகாரிகள் கண்டிப்பாக உத்தரவு போட்டார்கள், சிப்பாய்களுக்கு அப்படி ஒரு மனசே வராது என்றால் உத்தரவு எதற்கு? கதையில் எனக்கு இடறியது வேறு இடம். தண்ணீர் கொடுத்து முடித்ததும் அந்தச் சிப்பாய் ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுகிறான். ராணுவத்தில் இருந்த என் சித்தப்பாவிடம் போரைப் பற்றிக் கேட்டால் பூட்ஸ் காயாமலே இருந்ததைத்தான் சொல்வார், விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரியுமாம், அப்புறம் எழுந்து போய்விடுவார். குடுவையின் மூடியைத் திருக முடியாமல் அவன் கை நடுங்குகிறது என்று ஒரு வரி வருகிறதே, கதையை அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.